சர்க்கரை 6.3-க்கு இறங்கிவிட்டது, இனி மாத்திரைகளை நிறுத்தலாமா?

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு ஆறே மாதத்தில் ஹெச்பிஏ1சியை (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 8.4-லிருந்து 6.3-க்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, எம்பாகிளிஃப்ளோசின், அட்டோர்வாஸ்டாட்டின் என நான்கு மாத்திரைகள் தினமும் எடுக்கிறீர்கள். "சுகர்தான் நார்மலாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: சர்க்கரை இறங்கினால் இதயமும் தப்பித்ததாக அர்த்தமா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நான்கு மாத்திரைக்கும் ஒரே பதிலும் கிடையாது. ஒன்றைத் தாமதிக்காமல் குறைக்க வேண்டும், ஒன்றைப் பொறுத்திருந்து குறைத்துப் பார்க்கலாம், மற்ற இரண்டையும் சர்க்கரை அளவைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

கிளிமிபிரைடிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பட்டியலில் இன்றைக்கே ஆபத்து தரக்கூடியது அதுதான். இது சல்ஃபோனைல்யூரியா வகை. கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா, தட்டில் என்ன இருந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காலையில் போட்டால் ஏறக்குறைய நாள் முழுக்க வேலை செய்யும். சாப்பாட்டில் மாவுச்சத்து பாதியாகிவிட்ட பிறகும் பழைய டோஸே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வருவதற்கான வாய்ப்பு கூடும். 6.3 என்ற எண் இதை உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது. ஹெச்பிஏ1சி 6.3 என்றால் சராசரி சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 134 மி.கி. எப்போதும் 110-க்கும் 160-க்கும் இடையில் இருப்பவருக்கும் அதே சராசரிதான், 60-க்கும் 220-க்கும் இடையே ஊசலாடுபவருக்கும் அதே சராசரிதான்.

விடிகாலையில் உடல் நனைய வியர்த்து விழிப்பது, காரணமில்லாத காலைத் தலைவலி, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் கை நடுக்கம், சிடுசிடுப்பு ஆகியவை இருந்தால் தாழ்சர்க்கரையைச் சந்தேகியுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் பலருக்கு மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கரும் தரப்படுவதுண்டு. அவை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. ஆகவே உங்களுக்கு வியர்வைதான் முக்கியமான எச்சரிக்கை. ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஓரிரு நாள் இரவு 3 மணிக்கு என்று குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். இந்த மாத்திரையில் வரும் தாழ்சர்க்கரை ஒருமுறை சரிசெய்தாலும் சில மணி நேரத்தில் திரும்பி வரலாம் என்பதால், அன்று முழுக்கக் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களை இதற்காக மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பதும் உண்டு.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கத் தொடங்கும் நாளிலேயே இந்த மாத்திரையைப் பாதியாக்குவது அல்லது நிறுத்துவதுதான் வழக்கமான நடைமுறை. ஆறு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை என்றால் இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இதை விடுவதால் இதயத்துக்கு இழப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. 2019-ல் வெளியான கரோலினா ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கிளிமிபிரைடு, லினாகிளிப்டின் (வேறு வகைச் சர்க்கரை மாத்திரை) என இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் இறப்பு போன்ற இதய நிகழ்வுகளில் வித்தியாசம் இல்லை. தாழ்சர்க்கரை மட்டும் கிளிமிபிரைடு அணியில் 37.7 சதவீதம் பேருக்கு வந்தது, மற்ற அணியில் 10.6 சதவீதம் பேருக்கு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மேலே சொன்னது உங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அடுத்து, சர்க்கரை இறங்கினால் இதயம் தப்பிக்குமா என்ற கேள்வி. பெரிய ஆய்வுகள் தந்த பதில் பலருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில் புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டார்கள். 1998-ல் முடிவு வந்தபோது, ஹெச்பிஏ1சியை 7.9-க்குப் பதில் 7.0-ல் வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்திருந்தன. மாரடைப்பில் தெரிந்த 16 சதவீதக் குறைவு புள்ளியியல்படி உறுதி என்று சொல்லும் எல்லையைத் தொடவில்லை. ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் கழித்து, 2008-ல், அதே ஆட்களைப் பார்த்தபோதுதான் மாரடைப்புக் குறைவு உறுதியானது. இடைப்பட்ட காலத்தில் இரு அணியின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகியிருந்தது. அதாவது ஆரம்ப ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததன் பலன் இதயத்துக்கும் கிடைத்தது, ஆனால் மிக மெதுவாக.

"அப்படியானால் இன்னும் கீழே இறக்கலாமே" என்று நினைத்தவர்களுக்கு அதே 2008-ல் அக்கார்டு ஆய்வு பதில் சொன்னது. இதய ஆபத்து அதிகமுள்ள 10,251 பேரில் பாதிப் பேருக்கு ஹெச்பிஏ1சி 6-க்குக் கீழே என்ற இலக்கு வைத்துப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 6.4 வரை இறங்கியது. ஆனால் அந்த அணியில் 257 பேர் இறந்தார்கள், மற்ற அணியில் 203 பேர். சர்க்கரையைத் தீவிரமாக இறக்கிய அந்த அணியின் சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஏன் அப்படி ஆனது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை. தாழ்சர்க்கரை, எடை கூடியது, மருந்துகளின் கூட்டு விளைவு எனப் பல ஊகங்கள் உண்டு. இதைப் படித்துவிட்டு உங்கள் 6.3 ஆபத்தானது என்று பயப்பட வேண்டாம். மருந்தை அடுக்கி இறக்கிய 6.4-ம், உணவை மாற்றி இறக்கிய 6.3-ம் ஒன்றல்ல. கிளிமிபிரைடு இன்னும் உள்ளே இருக்கும்வரை உங்கள் 6.3 முழுக்க இரண்டாவது வகை என்றும் சொல்லிவிட முடியாது.

எம்பாகிளிஃப்ளோசினுக்கு வருவோம். 2007-ல் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து மாரடைப்பைக் கூட்டுகிறது என்ற ஐயம் கிளம்பியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, புதிய சர்க்கரை மருந்துகள் இதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்று ஆய்வில் காட்ட வேண்டும் என்றது. கேடு இருக்கிறதா என்று தேடப் போன இடத்தில்தான் நன்மை அகப்பட்டது. 2015-ல் வந்த எம்பா-ரெக் ஆய்வில் ஏற்கனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ள 7,020 நீரிழிவு நோயாளிகள், அதாவது உங்களைப் போன்றவர்கள், இருந்தார்கள். இதய நோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்தது. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதம் குறைந்தது. இரு அணிக்கும் ஹெச்பிஏ1சி வித்தியாசம் கடைசியில் அரைப் புள்ளிகூட இல்லை, பலனோ சில மாதங்களிலேயே தெரியத் தொடங்கியது. சர்க்கரையைக் குறைப்பதால் மட்டும் வந்த பலனாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. 2019-ல் டாபா-எச்எஃப் ஆய்வில், இதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் உதவியது. அதோடு இந்த வாதம் முடிந்தது. உடலில் தேங்கும் உப்பும் நீரும் வெளியேறுவது, சிறுநீரக வடிகட்டிகளின் உள் அழுத்தம் குறைவது என்று காரணங்கள் சொல்கிறார்கள். எந்தக் காரணத்தின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகவில்லை, பலன் மட்டும் தெளிவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எம்பா-ரெக்கில் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. எனவே இது ஸ்டாட்டினுக்கு (உங்கள் பட்டியலில் உள்ள அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு) மாற்று கிடையாது.

உங்கள் சர்க்கரை 6.3 ஆனதால் இந்த மாத்திரையின் வேலை முடிந்துவிடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் நீங்கள் சாப்பிடும் முறையோடு இது சேரும்போது ஒரு சிக்கல் உண்டு. இந்த மருந்து தினமும் சுமார் 60 முதல் 80 கிராம் குளுக்கோஸைச் சிறுநீரில் வெளியேற்றும். சர்க்கரை இறங்க இறங்க இந்த அளவும் குறையும், நின்றுபோகாது. உணவிலும் மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் சுரப்பு தாழும், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும். எல்லை மீறினால் கீட்டோ அமிலத்தன்மை, அதாவது கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாகிவிடும் நிலை. வழக்கமாக அந்த நிலையில் சர்க்கரை 300, 400 என்று ஏறியிருக்கும், யாருக்கும் உடனே புரிந்துவிடும். இந்த மருந்தில் சர்க்கரை 150, 180 என்று சாதாரணமாக இருக்கும்போதே அது வரலாம். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அசாதாரணச் சோர்வு என்று போனவரை "சுகர் நார்மல், வயிற்றுக் கோளாறுதான்" என்று திருப்பி அனுப்பிவிடும் அபாயம் இதனால்தான். எஃப்டிஏ 2015-லேயே எச்சரித்த விஷயம் இது. அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து எடுக்கிறீர்கள் என்பது இங்கே முக்கியம். பொதுவாக 130 கிராமுக்குக் கீழே என்றால் குறைந்த மாவுச்சத்து உணவு, 50 கிராமுக்குக் கீழே என்றால் கீட்டோ. 100 கிராமுக்கு மேல், மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் கவலை குறைவு. கீட்டோ முறையில் இருந்துகொண்டு எம்பாகிளிஃப்ளோசினையும் எடுப்பது கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு நான் மாத்திரையை வைத்துக்கொண்டு மாவுச்சத்தைச் சற்றுக் கூட்டச் சொல்வேன். அந்த மாத்திரைக்குப் பின்னால் உயிரிழப்பைக் குறைத்துக் காட்டிய ஆய்வு இருக்கிறது, கீட்டோவுக்குப் பின்னால் அப்படி ஒன்று இல்லை. நீண்ட பட்டினி, ஒரேயடியாக மது அருந்துவது, உடலை வருத்தும் கடும் உடற்பயிற்சியோடு சாப்பிடாமல் இருப்பது ஆகிய மூன்றும் இந்த மருந்தோடு வேண்டாம். கீட்டோன் பார்க்க வேண்டி வந்தால் ரத்தத்தில் பார்ப்பதே நம்பகமானது. லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், 3-ஐத் தாண்டினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதே மருந்தில் வேறு சில சின்ன விஷயங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை எப்போதும் அதிகமாகவே காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரக வடிகட்டும் திறனான இஜிஎஃப்ஆர் கொஞ்சம் இறங்குவது எதிர்பார்க்கப்படுவதுதான். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாகவும் ஈரமில்லாமலும் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். மாவுச்சத்தைக் குறைத்தால் உடலிலிருந்து உப்பும் நீரும் வெளியேறும், இந்த மாத்திரையும் அதையே செய்யும், மேலே ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிபி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் பிபி மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

அட்டோர்வாஸ்டாட்டினைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை, ஏனெனில் இங்கே ஐயத்துக்கு இடமில்லை. அது சர்க்கரைக்கான மாத்திரையே இல்லை. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்குச் சுமார் 39 மி.கி. குறைத்தால், நீரிழிவு உள்ளவர்களிடம் பெரிய இதய நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சொன்ன முடிவு. ஸ்டாட்டின் சர்க்கரையைக் கூட்டும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கூட்டும்தான், சிறிதளவு. 91,140 பேரை உள்ளடக்கிய 2010-ம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் எடுத்தால் ஒருவருக்குப் புதிதாக நீரிழிவு வரும். ஏற்கனவே நீரிழிவும் ஸ்டென்ட்டும் உள்ளவருக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தை நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைகொழுப்பால் நிரப்பியவர்களில் சிலருக்கு, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அழகாக இறங்கியிருக்க, எல்டிஎல் மட்டும் ஏறிவிடும். ஆறு மாதம் ஆகிவிட்டதால் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையை இப்போது செய்துவிடுங்கள். உங்கள் நிலையில் எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல்களின் இலக்கு. மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகச் சுமார் 6 சதவீதமே இறங்கும். எஸெடிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்த்தால் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும். கொழுப்பின் வகையை மாற்றுவதும் உதவும். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரையும் இருக்கும் என்று நினைக்கிறேன். கேள்வியில் குறிப்பிடவில்லை, அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மெட்ஃபார்மின்தான் பொறுத்திருந்து குறைத்துப் பார்க்கக்கூடியது. தனியாக எடுத்தால் தாழ்சர்க்கரை தருவது அபூர்வம், அதனால் அவசரமில்லை. யுகேபிடிஎஸ் ஆய்வில் அதிக எடையுள்ளவர்களுக்கு இது மாரடைப்பை 39 சதவீதம் குறைத்தது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் பிரிவில் மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் வெறும் 342 பேர் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இதயத்துக்கு அது தரும் பாதுகாப்பை எம்பாகிளிஃப்ளோசின் அளவுக்கு உறுதியாக நான் சொல்ல மாட்டேன். பல ஆண்டுகளாக எடுப்பவர் என்றால் ஆண்டுக்கொருமுறை வைட்டமின் பி12 பாருங்கள், கால் மரத்துப்போவதை நீரிழிவின் மேல் பழிபோட்டுவிட்டு பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கும். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் இதை நிறுத்த வேண்டும், 45-க்குக் கீழே என்றால் அளவைக் குறைப்பது வழக்கம். மறுபடி ஆஞ்சியோகிராம் செய்ய நேர்ந்தால் இதை எடுப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சாயம் செலுத்தும் நாளில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகு தொடரச் சொல்வார்கள்.

உணவு முறை மட்டுமே இதயத்தைக் காக்குமா என்பதில் சான்றுகள் ஒரே திசையில் இல்லை. எடை குறைந்தால் சர்க்கரை விலகும் என்பது உறுதி: பிரிட்டனின் டைரெக்ட் ஆய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும் தந்து எடையைக் குறைத்தபோது, ஓர் ஆண்டில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையில்லாமல் நீரிழிவு விலகியது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தம் 36 சதவீதமாகக் குறைந்தது, எடை திரும்பியவர்களுக்கு நீரிழிவும் திரும்பியது. இதயத்தைப் பொறுத்தவரை, லுக் அஹெட் ஆய்வில் 5,145 நீரிழிவு நோயாளிகளை ஏறக்குறைய பத்தாண்டுகள் உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைக்க வைத்தும் மாரடைப்பு, பக்கவாதம் குறையவில்லை. மாறாக, ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவைச் சோதித்த ப்ரெடிமெட் ஆய்வில், கலோரியைக் குறைக்கச் சொல்லாமலே இதய நிகழ்வுகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டு, 2018-ல் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டார்கள், முடிவு பெரிதாக மாறவில்லை. குறைந்த மாவுச்சத்து உணவைப் பற்றி 23 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ம் ஆண்டு அலசல், ஆறு மாதத்தில் சர்க்கரையில் தெளிவான பலனையும், பன்னிரண்டு மாதத்தில் அது மங்குவதையும் காட்டியது. நீங்கள் இப்போது இருப்பது அந்த ஆறாவது மாதத்தில்.

"நீரிழிவு விலகிவிட்டது" என்று சொல்ல, சர்க்கரை மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2021-ல் வல்லுநர்கள் வரையறுத்தார்கள். இதயத்துக்காக எம்பாகிளிஃப்ளோசினைத் தொடரும்வரை உங்களுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. கிடைக்காவிட்டால் நட்டமுமில்லை. ரத்தச்சோகை இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைபாடு ஹெச்பிஏ1சியைச் சற்று உயர்த்திக் காட்டும், ரத்த இழப்பும் சிவப்பணுச் சிதைவும் தாழ்த்திக் காட்டும்.

மருத்துவரிடம் போகும்போது குளுக்கோமீட்டர் குறிப்பு, லிப்பிட், கிரியாட்டினினும் இஜிஎஃப்ஆரும், சிறுநீர் ஆல்புமின் - கிரியாட்டினின் விகிதம், ஏற்கனவே எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். இவை தெரியாமல் எந்த மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம் என்று நானோ வேறு யாருமோ இங்கிருந்து சொல்ல முடியாது. கேட்க வேண்டிய வரிசை இது: கிளிமிபிரைடை நிறுத்தலாமா, நிறுத்தி இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை பார்த்துவிட்டு, மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 6.5-க்குள் நின்றால் மெட்ஃபார்மினைப் பாதியாக்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் ஏறியது எதனால் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. வாந்தி, பேதி, காய்ச்சல் என்று சாப்பிட முடியாமல் போகும் நாட்களில் மெட்ஃபார்மினையும் எம்பாகிளிஃப்ளோசினையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, வழக்கம்போல் சாப்பிடவும் குடிக்கவும் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு மீண்டும் தொடங்குங்கள். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் எம்பாகிளிஃப்ளோசினை மட்டும் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், மயக்க மருந்து தருபவரிடம் அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.